அந்தச் சிவப்பு வரியில் கை வைக்காதீர்கள்

தம்பிகளே, தங்கைகளே,

போன வாரம் பேரனுக்கு மொட்டை போட்ட பிரசாதத்தை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தேன். ஓய்வு பெற்றாலும் கால் அந்தப் படியைத்தான் தேடுகிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரு தம்பி பேசியது காதில் விழுந்தது.

"அந்த ரெட் மெசேஜ எடுத்துடலாம் ப்ரோ. பாக்குறவங்க பயந்துடுறாங்க. மாடியூல் ஏறலன்னா சின்னதா ஒரு படத்தப் பண்ணி அனுப்பிட்டுப் போயிட்டே இருக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

பக்கத்தில் இருந்தவர் "சூப்பர்" என்றார்.

பொட்டலத்தை மேசை மேல் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சாமி பிரசாதம் கொண்டுவந்த இடத்தில் வாயில் வரக்கூடாத வார்த்தைகள் வந்துவிடும் போல இருந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் கத்துவேன். கத்தினால் "பெருசுக்கு பி.பி. ஏறிடுச்சு" என்று சிரிப்பீர்கள். எழுத்தைப் பார்த்து அப்படிச் சிரிக்க முடியாது.

அந்தச் சிவப்பு வரி ஏன் வந்தது என்று சொல்ல அங்கே இப்போது ஆள் இல்லை. அதை வைத்த மெர்சி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். அன்றைய முதலாளியும் தொழிலைக் கைமாற்றிவிட்டு ஒதுங்கிவிட்டார். மிச்சம் நான்தான்.

நான் பத்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு ஐ.டி.ஐ. படிப்பு. இருட்டறையில் எக்ஸ்ரே பிலிம் கழுவித்தான் பிழைப்பைத் தொடங்கினேன். பிலிம் போய் கம்ப்யூட்டர் வந்ததும், ஸ்கேன் சென்டர்களுக்கும் மருத்துவ முகாம்களுக்கும் போய் மென்பொருளை ஏற்றிக் கொடுக்கும் ஆளாக இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். புரோகிராம் கோடு எழுதத் தெரியாது. எழுதுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நம் வேலை என்ன? இங்கே எடுக்கிற எக்ஸ்ரே படத்தைச் சென்னையில் இருக்கிற டாக்டர் பார்க்கும்படி அனுப்புவது. படம் கனமானது. நம் ஊர் நெட்டோ உங்களுக்கே தெரியும். அதனால் படத்தைச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் விரிக்க வேண்டும். ஒரு புள்ளிகூடக் குறையக் கூடாது. முன்பெல்லாம் இங்கே சுருக்க ஒரு மென்பொருள், அங்கே விரிக்க இன்னொன்று. இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் தினம் ஒரு தகராறு. மெர்சி வந்துதான் அதை மாற்றினாள். ஒரே கோடு. ஒரு தடவை எழுதி, கம்பைல் பண்ணி, அதே கட்டு, அதாவது நீங்கள் சொல்லும் மாடியூல், பிரவுசருக்குள்ளும் ஓடும், சர்வரிலும் ஓடும். வெப் அசெம்பிளி என்று நீங்கள் சொல்வது அதுதான். எனக்குப் புரியும்படி அவள் சொன்னது இது:

"அண்ணா, நம்ம ஊர்ல கப்பு சாசர வைக்கோல் வச்சுக் கட்டுறாங்கல்ல? கட்டுனவங்களே லாரில கூடப் போயி அங்க அவுத்தா எப்பிடி இருக்கும்? ஒரு கப்பும் ஒடையாது. அதான் இது."

நல்ல வேலை. கர்த்தரை வேண்டிக்கொண்டு அவள் எழுதினாள். விருத்தாசலத்துப் பழமலைநாதரை வேண்டிக்கொண்டு நான் ஊர் ஊராகக் கொண்டுபோய் ஏற்றினேன். பெண்ணாடம், நம் பக்கத்து மங்களூர் என்று போன இடமெல்லாம் நன்றாக ஓடியது.

பழைய மெஷின்களில்தான் வம்பு. நினைவகம் குறைவாக இருந்தால் அந்தக் கட்டு ஏறாது. ஏறவில்லை என்றால் திரையில் பிழைச் செய்தி வரும். வாடிக்கையாளர் போன் பண்ணிக் கத்துவார். ஒருநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நம்ம ஸ்கிரீன்ல இனிமே எரர்னு ஒரு வார்த்த வரக்கூடாது. கட்டு ஏறலன்னா பிரவுசரே படத்தச் சின்னது பண்ணும்ல, அப்பிடிப் பண்ணி அனுப்பிடுங்க. பெரிய படம் போவலன்னா சின்னப் படமாவது போவட்டுமே. பாவம், நோயாளி காத்துக் கெடக்கலாமா?"

கடைசியில் சொன்ன அந்த "பாவம்" இருக்கிறதே, அதில்தான் நாங்கள் எல்லோரும் விழுந்தோம். இரக்கம் மாதிரி இருந்தது.

மெர்சி மட்டும் கேட்டாள். "சார், அப்பிடிச் சின்னது பண்ணா புள்ளிங்க போயிடும் சார். திரும்ப வராது. சர்வரும் அத வாங்கக் கூடாதுன்னுதான் வச்சிருக்கேன்."

"வாங்குற மாதிரி மாத்தும்மா. படம் பாக்க நல்லாத்தான இருக்குது? எங்க, காட்டு."

அவள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். எது படம் தெரியுமா? பழமலைநாதர் கோயில் ராஜகோபுரத்தின் போட்டோ. சோதனைக்கு அவள் வைத்திருந்தது. இரண்டிலும் கோபுரம் கோபுரமாகத்தான் இருந்தது. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலியே" என்றார். எனக்கும் தெரியவில்லை. கோபுரத்தைப் பார்த்து எக்ஸ்ரேவுக்குத் தீர்ப்பு எழுதினோம். கும்பிடுகிற கண்ணும் நோய் தேடுகிற கண்ணும் ஒன்றா?

அப்படியாக, இந்தப் பக்கம் பிரவுசர் குறைத்து அனுப்பும், அந்தப் பக்கம் சர்வர் ஒன்றும் கேட்காமல் வாங்கி, முழுப் படத்தின் உறையிலேயே போட்டு டாக்டருக்கு நீட்டும். இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று கண்ணடித்துக்கொண்ட மாதிரி. திரையில் பச்சை டிக். எது முழுப் படம், எது குறைந்த படம் என்று டாக்டருக்கும் தெரியாது, அனுப்புகிற எனக்கும் தெரியாது.

பிறகு அந்த முகாம் வந்தது. பீங்கான் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே. குவார்ட்ஸ் கல்லைப் பொடித்த மாவில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு நுரையீரலில் என்ன ஏறுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தொழிற்பேட்டை வாசலில் எக்ஸ்ரே வேன் நின்றது. வேனில் படம் எடுப்பவர் பாபு. எனக்குப் பழக்கமான பையன், கையில் வேலை சுத்தம். படத்தை ஏற்றி அனுப்ப நான் வெளியே மேசை போட்டு உட்கார்ந்தேன். கம்பெனி அன்று கொடுத்துவிட்டது ஒரு பழைய டேப்லெட்.

வரிசையில் அஞ்சலாட்சி என்று ஒரு பெண் வந்தாள். மாவு ஷெட்டில் வேலை. புருவமெல்லாம் வெள்ளை. கூடவே புருஷன் தனவேல். ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"ஏங்க, படத்துல பவுடரு தெரியுமா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"மூஞ்சில இருக்குறது தெரியாதும்மா. உள்ள இருந்தா தெரியும்."

"உள்ள இருந்தா ஒரு கப்பு செய்யிற அளவுக்கு இருக்கும்" என்றார் தனவேல். "ராத்திரி முழுக்க இருமுறா சார். பக்கத்து வூட்டு நாயி இவளுக்குப் பதில் சொல்லுது."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனவேல் அதற்குப் பிறகு விளையாட்டுப் பேச்சு பேசவில்லை.

"அவங்க கம்பெனில இருமலுக்காவ இப்பத்தான் மாவுலேருந்து வெளிய நிக்க வச்சிருக்காங்க. படத்துல என்னா வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்றாங்களாம். நல்லாப் பாருங்க சார்."

நான் பார்க்கிறவன் இல்லை, அனுப்புகிறவன் என்று சொன்னேன். அனுப்பினேன். பச்சை டிக் வந்தது.

அன்று எல்லாப் படமும் பறந்தது. வழக்கமாகத் தேர் மாதிரி நின்று நின்று நகரும், அனுப்புவதைக் காட்டும் திரைக்கோடு அன்று கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. "கொளஞ்சியப்பா, இன்னிக்கு நெட்டுக்கு நல்ல புத்தி குடுத்திருக்கிற" என்று நெற்றியைத் தொட்டுக்கொண்டேன். பாபுவும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வேனைக் கழுவிவிட்டான்.

அறிக்கை வந்தது. எல்லோருக்கும் நலம். அஞ்சலாட்சிக்கும் நலம்.

சில வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டு எதிரில் தனவேல் ஆட்டோவைக் குறுக்கே போட்டு என்னை நிறுத்தினார்.

"சார், ஏறுங்க. ஒரு எழுத்து வேல இருக்குது."

"என்னா எழுத்து?"

"கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டணும். செவ்வாக்கெழம போறேன். எனக்குக் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும். சாமிக்குப் புரியணும்ல?"

வெளியூர்த் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், நியாயம் கிடைக்காதவர்கள் சாமிக்கே மனு எழுதிக் கட்டுவார்கள். யார் வாதி, யார் எதிராளி, என்ன அநியாயம் என்று வெள்ளைத் தாளில் எழுதி, பூசையில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதிக்கு முன்னால் வேலில் கட்டுவார்கள். எதிராளி எந்த ஊர், எவ்வளவு தூரம் என்றும் சொல்ல வேண்டும். கோர்ட்டுக்குப் போகப் பயப்படாதவர்கள்கூட அந்த வேல்கம்பைப் பார்த்தால் ஒதுங்கி நடப்பார்கள். காரியம் சரியானதும் போய் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"யார் மேல?" என்றேன்.

"அந்த வேன்காரன் மேல. பாபு. படம் எடுக்கும்போது போன்ல பேசிக்கிட்டே இருந்தான், நான் கண்ணால பாத்தேன். ஒழுங்கா எடுக்கல. ஒண்ணுமில்லன்னு எழுதி வந்துடுச்சு. அத வச்சிக்கிட்டு சூப்பர்வைசரு, 'ஒனக்குத்தான் ஒண்ணுமில்லியே, நடிக்காம போயி மாவுல நில்லு'ங்கறான். நிக்கிறா சார். எழுதி வந்துடுச்சுன்னா அவ என்னா பண்ணுவா? வூட்டுக்கு வந்து தலையணைய நிமித்தி வச்சி உக்காந்துகிட்டே தூங்குறா."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அலுவலகம் போனேன். மனது சரியில்லை. பாபு அப்படிப்பட்டவன் இல்லை. மெர்சியிடம் போய்ப் புலம்பினேன். புலம்பலோடு புலம்பலாக, "நெட்டு வேற அன்னிக்குப் பிரமாதமா இருந்துச்சும்மா, எல்லாம் பறந்துச்சு" என்றேன்.

டீயை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"பறந்துச்சா? எந்த மெஷின்ல அண்ணா?"

"அந்தப் பழைய டேப்லெட்டு."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு சர்வரைத் திறந்தாள். ஒவ்வொரு படமாகத் தட்டினாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு படம், இன்னொரு படம், இன்னொன்று. கடைசியில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுகூட முழுப் படம் இல்ல அண்ணா. கட்டு ஏறவே இல்ல. எல்லாம் சின்னது. இந்தத் தூசி நோவு ஆரம்பத்துல குண்டூசித் தல மாதிரிதான் தெரியும். அதத்தான் மொதல்ல அழிச்சிருக்கும். டாக்டரு சுத்தமான நுரையீரலப் பாத்திருப்பாங்க. நாமதான் தொடைச்சுக் குடுத்திருக்கோம்."

தம்பிகளே, இதை இன்னொரு தடவை படியுங்கள். அந்த டாக்டர் பொய் சொல்லவில்லை. பாபு தப்பாக எடுக்கவில்லை. மெர்சியின் கட்டு தப்பாக ஓடவில்லை. அது ஓடவே இல்லை. ஓடவில்லை என்று சொல்ல வேண்டிய வாயை நாம் தைத்துவிட்டோம். ஊமையாக்கிய பிறகு அதைப் பார்த்து "பிழையே இல்லை" என்று மார்தட்டிக்கொண்டோம்.

இரண்டு பேரும் முதலாளி அறைக்குப் போனோம். சுவரில் கொளஞ்சியப்பர் படம், புது மாலை, ஊதுவத்தி. மெர்சி சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இனிமே அந்த டேப்லெட்டு வேணாம். அத ஓரங்கட்டிடுங்க. பழசத் தோண்டாதீங்க."

"சார், அந்த அறிக்கையெல்லாம் தப்பு. டாக்டருக்குச் சொல்லணும்" என்றாள் மெர்சி.

"சொன்னா அடுத்த முகாம் நமக்கு வராதும்மா. ஒரு இருமலுக்காவ எல்லார் சோத்துலயும் மண்ணப் போடுவியா? அடுத்த வருசம் மறுபடி படம் எடுப்பாங்கல்ல, அப்பத் தெரிஞ்சிடும்."

அடுத்த வருஷம்! அவர் ஏ.சி.யில் உட்கார்ந்து அடுத்த வருஷம் என்கிறார். அவள் மாவுக்குள் நின்று மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறாள். ஆயுத பூசைக்கு சர்வருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கத் தெரிந்த மனுஷன். ஒரு பொம்பளையின் நெஞ்சுக்கு ஒரு போன் பண்ணத் தெரியவில்லை. நானும் சாமி கும்பிடுகிறவன்தான். அன்று அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"சார், நீங்க சொல்லலன்னா நாங்க சொல்லுவோம்" என்றேன்.

"வயசான காலத்துல வேலய வுட்டுட்டுப் போறதுன்னா போங்க."

வெளியே வந்தோம். மெர்சி அழவில்லை. "அண்ணா, எந்த டாக்டருக்கு எந்தப் படம் போச்சுன்னு நான் எடுத்து வைக்கிறேன். நீங்க நாளைக்கு முகாம நடத்துன டாக்டருகிட்ட போயிட்டு வாங்க" என்றாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை.

கொளஞ்சியப்பர் கோயிலில் நல்ல கூட்டம். தனவேல் தாளும் பேனாவும் வாங்கி வைத்துக் காத்திருந்தார். பக்கத்தில் அஞ்சலாட்சி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அரை நாள் லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் பேசிய பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடு நடுவே இருமல்.

தாளை மடியில் வைத்துக்கொண்டு வாதி பெயரை எழுதினேன். அநியாயத்தை எழுதினேன். எதிராளி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"எழுதுங்க சார். பாபு. அப்பா பேரு தெரியாது. வேன் நம்பரு இருக்குது."

மனு வாங்குகிறவர் அங்கிருந்து குரல் கொடுத்தார். "சீக்கிரம் வாங்கப்பா, பூசைக்கு நேரமாவுது."

நான் நினைத்திருந்தது வேறு. முதலில் டாக்டரிடம் சொல்வோம், அவர்கள் மறுபடி கூப்பிடட்டும், இவர்களுக்குத் தானாகத் தெரியட்டும், அதுவரை வாயைக் கட்டிக்கொண்டு இருப்போம் என்றுதான் பஸ் ஏறி வந்தேன். அதுதான் பக்குவம் என்றும் நினைத்தேன். ஆனால் என் கையெழுத்தில், அந்தச் சாமி முன்னால், ஒரு பாவமும் அறியாத பையனின் பெயர். அதையும் எழுதிவிட்டுச் சும்மா இருந்தால், பச்சை டிக் போட்ட அந்த டேப்லெட்டுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"தனவேலு, பாபு பேர எழுதாத. அவன் ஒழுங்காத்தான் எடுத்தான்."

"அப்பறம் யாரு?"

சொன்னேன். முகாமில் என்ன நடந்தது, படம் எப்படிக் குறைந்தது, முதலாளி என்ன சொன்னார், எல்லாவற்றையும் அவருக்குப் புரியும்படி சொன்னேன். அஞ்சலாட்சி தூணைவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தனவேல் முகம் கறுத்தது.

"அப்ப அங்க போன படத்துல எம் பொண்டாட்டி நெஞ்சே இல்லியா?"

"இருந்துச்சு. நோவு மட்டும் இல்ல."

"நீங்களும் அந்தக் கம்பெனிதான சார்?"

"ஆமா."

"நெத்தி நெறைய விபூதி பூசிக்கிட்டு, நல்லா அனுப்புனீங்க சார்."

அந்தச் சொல்லை நான் வாங்கிக்கொண்டேன்.

அவர் முனியப்பர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு ஆட்டோக்காரருக்கே உரிய கணக்கு வந்துவிட்டது. "எதிராளிக்கு ஊரு சொல்லணுமே. அந்தப் படத்த வாங்கி வைக்கிற பெரிய கம்ப்யூட்டரு எங்க இருக்குது?"

"சர்வரு பம்பாயில."

"அவ்ளோ தூரமா? அங்க வரைக்கும் சாமிய அனுப்பணுமா?"

"வேணாம். தப்பு பம்பாயில நடக்கல. இங்க ஓடுன கோடுதான் அங்கயும் ஓடுது. இங்க என்னா சொல்லிக் குடுத்தமோ அதத்தான் அது அங்க செஞ்சுது. எதிராளி ஊரு விருத்தாசலம். ஜங்ஷன் ரோடு."

"ஒங்க பேரும் போடட்டுமா?" அது கேள்வி இல்லை, குத்தல்.

"போடு" என்றேன். நானே எழுதினேன். முதலாளி பெயர், கம்பெனி பெயர், கீழே என் பெயர். அஞ்சலாட்சி எட்டிப் பார்த்துவிட்டு, "இவரு பேரு எதுக்கு? இவரு வந்து சொன்னாருல்ல" என்றாள். தனவேல், "சாமி அடிச்சுக்கட்டும், ஒனக்கென்னா" என்றார். அடிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நியாயம்தான்.

மனுவை வேலில் கட்டிவிட்டுத் தனவேலின் ஆட்டோவிலேயே முகாம் டாக்டரிடம் போனோம். அவர் சென்னை டாக்டரை அப்போதே போனில் பிடித்தார். அந்த அம்மா பேசியது எனக்கே கேட்டது. "எனக்கு முழுப் படம்னு சொல்லி அரைப் படம் குடுத்தீங்களா? மங்கலா இருந்தாலாவது திருப்பி அனுப்பியிருப்பேனே!" என்று கத்தினார்கள். நியாயமான கத்தல். அதே நேரம் மெர்சி அலுவலகத்தில் முதலாளி கண் முன்னாலேயே அந்த முகாமின் எல்லா அறிக்கைகளுக்கும் எதிரில் "செல்லாது, மறுபடி படம் எடுக்க வேண்டும்" என்று பட்டறைகளுக்கு அனுப்பிவிட்டாள். அவர் தடுக்க எழுந்தபோதுதான் என் போன் போயிருக்கிறது. பிராது கட்டியாகிவிட்டது என்றும் யார் யார் பெயரில் என்றும் சொன்னேன். பிறகு, "வேன எப்ப வரச் சொல்லலாம்?" என்று கேட்டார். சாமிக்குப் பயந்தாரா, டாக்டர்களுக்குப் பயந்தாரா, எனக்குத் தெரியாது. எந்தப் பயமாக இருந்தால் என்ன, வேன் வந்தது.

பாபுதான் மறுபடியும் படம் எடுத்தான். தனவேல் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஏன் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. இந்தத் தடவை நல்ல லேப்டாப். திரைக்கோடு தேர் மாதிரி நகர்ந்தது. எனக்கு அந்த மெதுவைப் பார்க்கப் பார்க்கத் தெம்பாக இருந்தது.

அஞ்சலாட்சியின் நுரையீரலில், மேல்பக்கம் இரண்டிலும், அரிசி நொய் தூவினது போல இருந்தது. வேறு சிலருக்கும் இருந்தது. இனி மாவுக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் இழுத்தடித்தார். தனவேல் ஆட்டோ ஸ்டாண்டு ஆட்களோடு போய் வாசலில் நின்ற பிறகு இடம் மாற்றினார்கள். இப்போது அவள் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறாள். ஆனால் ஏறிய தூசி இறங்காது. அந்த நோய்க்கு வந்த வழியே திரும்பிப் போகும் வழக்கம் இல்லை. நாம் கொடுத்த "நலம்" என்ற காகிதத்தை நம்பி அவள் மாவில் நின்ற அந்த வாரங்களை நான் எந்தக் கோயிலில் கட்டி மீட்பேன்? நீங்கள் சொல்லுங்கள், எந்த அப்டேட்டில் சரிசெய்வீர்கள்?

அதற்குப் பிறகுதான் மெர்சி அந்தச் சிவப்பு வரியை வைத்தாள். கட்டு ஏறவில்லை என்றால் படம் போகாது. இந்தப் பக்கம் அனுப்பாது, அந்தப் பக்கம் வாங்காது. "படம் போகவில்லை. வேறு கருவியில் அனுப்பவும்" என்று திரை முழுக்கச் சிவப்பில் வரும். வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். ஓய்வு பெறும்வரை அந்தப் போன்களை எடுத்தவன் நான்தான். "என்னாய்யா சாப்ட்வேரு, எப்பப் பாத்தாலும் போவல போவலங்குது" என்பார்கள். ஒவ்வொரு திட்டும் எனக்கு அர்ச்சனை. போகாததைப் போகவில்லை என்று ஒன்று சொல்கிறதே, அந்த நிம்மதி.

இப்போது நீங்கள் அதை எடுக்கப் பார்க்கிறீர்கள். பார்க்கிறவர்கள் பயப்படுகிறார்களாம். பயப்படட்டும்! பயந்தால் வேறு மெஷினைத் தேடுவார்கள். நோயாளியை நாளைக்கு வரச் சொல்வார்கள். பச்சையைப் பார்த்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் படித்தவர்கள், என்னைவிட ஆயிரம் தெரியும். ஒரு புள்ளியும் குறையாமல் படத்தை இன்னும் சுருக்குங்கள், கட்டை இன்னும் லேசாக்குங்கள், பழைய மெஷினிலும் ஏறும்படி செய்யுங்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் முடியாதபோது முடியவில்லை என்று சொல்லுகிற வாயை மட்டும் தைக்காதீர்கள். "யாருக்குத் தெரியப் போவுது" என்று சொன்ன தம்பியே, உன் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. காரணம் சொல்கிறேன்.

அன்று உங்கள் வாசலிலிருந்து திரும்பும்போது தனவேல் ஆட்டோவில்தான் வீட்டுக்கு வந்தேன். காரியம் முடிந்துவிட்டதே, பிராதை வாபஸ் வாங்கிவிட்டாயா என்று கேட்டேன். இத்தனை நாள் கேட்கத் தயங்கிய கேள்வி. என் பெயரும் அதில்தானே இருக்கிறது.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இல்ல சார். இருக்கட்டும்னு வுட்டுட்டேன். ஆளு மாறுவாங்க, கம்பெனி பேரு அதேதான?"